கறுப்பு-வெள்ளைப் படம் பச்சையடிக்கிறது: எந்த மை, எந்தப் பிரிண்டர்?

கேள்வி: தாத்தா காலத்து நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் நான்கு மை இங்க் டேங்க் பிரிண்டரில் கிளாஸி பேப்பரில் போட்டால் படம் பச்சையடிக்கிறது. ஆறு கலர் எப்சன் ஒன்று வாங்கினால் அதில் பிக்மெண்ட் மை நிரப்பித் தருகிறேன், நூறு வருடம் மங்காது என்கிறார் கடைக்காரர். ஏ4 அளவு போதும், மாதம் பத்துப் பதினைந்து படம் போடுவேன், 30,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். வாங்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வாங்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றது எல்லாம் சுலபம். உங்கள் பிரிண்டரில் சாம்பல் மை கிடையாது. இருப்பது கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள், அவ்வளவுதான். தாத்தாவின் கன்னத்து நிழல், வேட்டி மடிப்பு, பின்னால் இருக்கும் சுண்ணாம்புச் சுவர் என்று படத்தில் சாம்பலாக இருக்கும் இடங்களில் பெரும்பகுதியை அது மூன்று கலரையும் கலந்துதான் உண்டாக்குகிறது. கலவையில் மெஜந்தா கொஞ்சம் குறைந்தால் பச்சை, கொஞ்சம் கூடினால் ரோஸ். கலர் படத்தில் இந்தப் பிசகு கண்ணில் படாது, கறுப்பு-வெள்ளையில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதோடு இந்த ரகப் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட் (துகள் மை), மற்றவை டை (கரைந்த சாய மை). கம்ப்யூட்டரில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கிளாஸி பேப்பர் என்று தேர்ந்தெடுத்ததுமே அந்தக் கறுப்பை அது தொடாது, கறுப்பையும் மூன்று கலரிலேயே கலந்து போடும். கறுப்பு டேங்க் நிரம்பியிருந்தும் படத்தில் கறுப்பு வெளுத்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஆறு கலர் வாங்கினால் தீருமா? எந்த ஆறு என்று கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. எப்சன் எல்805, அதற்கு அடுத்து வந்த எல்8050 இரண்டிலும் கூடுதலாக இருப்பவை வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும். கல்யாண ஆல்பத்தில் முகம் வழவழப்பாக வருவதற்கு அவை அருமை, உங்களுக்கு உதவாது. சாம்பல் மை அதிலும் இல்லை, பச்சை கொஞ்சம் குறையும், போகாது. பெட்டியின் மேல் ‘6 கலர்’ என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிந்த கம்பெனிகளுக்கு, அந்த ஆறும் என்னென்ன என்பதை அதே அளவு எழுத்தில் போட என்ன தடை என்று எனக்குப் புரியவே இல்லை. விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவர் பணத்தைக் கொட்டிய பிறகு தெரிந்துகொள்கிறார்.

அடுத்தது அந்தப் பிக்மெண்ட் பேச்சு. டை மை பேப்பருக்குள் கரைந்து இறங்கும், வெளிச்சமும் காற்றும் அதைச் சீக்கிரம் மங்கவைக்கும். பிக்மெண்ட் என்பது நுண்ணிய துகள், மேலேயே தங்கும், வெகுகாலம் நிற்கும். இதுவரை கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் டை மைக்கென்று செய்த மிஷினில் பேர் தெரியாத பிக்மெண்ட்டை ஊற்றினால், டிரைவர் பழைய மைக்கான கணக்கிலேயே சொட்டு விடும், நிறம் இன்னும் மோசமாகும். துகள் அடியில் படியும், மை தெளிக்கும் ஹெட் அடைக்கும். சர்வீஸ் சென்டரில் பாட்டிலைப் பார்த்ததும் வாரண்டி இல்லை என்பார்கள், நிரப்பிக் கொடுத்தவரோ ஹெட் உங்கள் பொறுப்பு என்பார். அப்புறம் அந்த நூறு வருடம். இத்தனை ஆண்டு நிற்கும் என்பதைச் சோதித்துச் சொல்லும் வில்ஹெல்ம் போன்ற அமெரிக்கச் சோதனைக்கூடங்கள், குறிப்பிட்ட மையையும் குறிப்பிட்ட பேப்பரையும் சேர்த்து வைத்துத்தான் சொல்கின்றன. லேபிளில் தயாரித்தவன் பெயரே இல்லாத பாட்டிலுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

‘யுவி மை’ என்றும் ஒன்று விற்கிறார்கள். உண்மையான யுவி மை புற ஊதா விளக்கில் உலரவைக்கும் பெரிய மிஷின்களுக்கு உரியது. உங்கள் வீட்டுப் பிரிண்டருக்கு அந்தப் பெயரில் தருவது சாதாரண டை மைதான். பழைய எல்805-ஐ மலிவாக வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அவற்றில் பல, வருடக்கணக்கில் ஐடி கார்டு அடித்தவை, இல்லையென்றால் சூடு வைத்துப் படத்தை ஏற்றும் சப்ளிமேஷன் மை ஊற்றிக் கப்புக்கும் டி-ஷர்ட்டுக்கும் ஓட்டியவை. டியூபில் தங்கிய அந்த மை லேசில் போகாது. சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடைவீதியானாலும் தொடாதீர்கள்.

வெளி மை என்றாலே மோசம் என்று சொல்லவில்லை, ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மதிக்காமல் போக எனக்கு மனம் வராது. அமெரிக்காவில் ஜான் கோன் என்பவர் பியெசோகிராஃபி என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைக்கென்றே பிக்மெண்ட் மை தருகிறார். பிரிண்டரில் கலர் மை இருக்கும் இடங்களில் எல்லாம் கறுப்பும் பல படிச் சாம்பலும்தான் ஊற்றுவார்கள். கலரே இல்லாததால் பச்சையடிக்க வழியே இல்லை. வெளிர்ப் பகுதியில் புள்ளி தெரியாது, நிழலுக்குள் இருக்கும் விவரமெல்லாம் பிரிந்து நிற்கும், கம்பெனி மையால் அந்த அளவுக்குப் போவது கஷ்டம். ஆனால் அதை ஓட்டச் சாதாரண டிரைவர் போதாது, ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் போல ஒவ்வொரு மையையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் மென்பொருள் வேண்டும். அது பெரும்பாலும் எப்சனுக்குத்தான், அதிலும் எல்லா மாடலும் பட்டியலில் இல்லை. மையை வெளிநாட்டிலிருந்து தருவித்துச் சுங்கம் கட்ட வேண்டும், அந்தப் பிரிண்டரில் பிறகு கலர் படம் போட முடியாது, வாரம் தவறாமல் ஓட்டியாக வேண்டும். கண்காட்சி வைப்பவருக்கும் படத்தை விற்பவருக்கும் அந்தப் பாடு தகும். உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது கேனான் ஜி570. அதிலும் ஆறு மைதான், ஆனால் கூடுதலாக இருப்பவை சிவப்பும் சாம்பலும். ஏ4 வரை போடும், உங்கள் பணத்துக்குள் முடியும். சாம்பலின் பாரத்தைச் சாம்பல் மையே சுமப்பதால் பச்சைச் சாயல் வெகுவாக அடங்கிவிடும். டிரைவரில் கிரேஸ்கேல் பிரிண்டிங்கை டிக் செய்யுங்கள், பேப்பர் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், மை கம்பெனி பாட்டில் மட்டும். அது டை மை, ஆகவே படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டுங்கள், நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம், மீதியை ஆல்பத்தில் வையுங்கள். ஸ்கேன் கோப்பு இருக்கும்வரை மங்கினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கையில் பணம் கூடினால் எப்சன் பி700, கேனான் ப்ரோ-300 வகை. அவை பிக்மெண்டுக்கென்றே பிறந்தவை, கிளாஸி பேப்பருக்கு ஒரு கறுப்பு, பளபளப்பில்லாத மேட் பேப்பருக்கு ஒரு கறுப்பு, சாம்பலும் தனியே. உங்கள் பட்ஜெட்டை வெகுதூரம் தாண்டும், கார்ட்ரிட்ஜ் விலையும் தலைசுற்றும். ஐந்தாறு படம் மட்டும் அப்படி வேண்டுமென்றால் சாம்பல் மை உள்ள பிக்மெண்ட் மிஷின் வைத்திருக்கும் பிரிண்ட் ஸ்டூடியோவைத் தேடிக் கொடுங்கள். சாதாரண கலர் லேபில் கொடுத்தால் கலர் பேப்பரில்தான் போடுவார்கள், அதே பச்சை அங்கேயும் வரலாம்.

பேப்பரைக் கிலோக்கணக்கு மாதிரி ஜிஎஸ்எம் பார்த்து வாங்காதீர்கள். 270 ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பது கனத்தை மட்டும் சொல்கிறது, மேல்பூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ரெசின் பூச்சுள்ளதா என்று கேளுங்கள், கம்பெனி பெயர் இல்லாத பேப்பர் பாக்கெட்டை எடுக்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் படம் ஒன்றையும், கறுப்பிலிருந்து வெள்ளைவரை போகும் சாம்பல் பட்டை ஒன்றையும் பென்டிரைவில் கொண்டுபோய் உங்கள் பேப்பரிலேயே போட்டுக்காட்டச் சொல்லுங்கள். அங்கேயே தீர்மானிக்காமல் ஒரு நாள் காயவிட்டு, காலையில் ஜன்னலோரமும் இரவில் டியூப் லைட்டிலும் பாருங்கள். இரண்டிலும் சாம்பல் சாம்பலாகவே இருந்தால் வாங்குங்கள். வாங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு படமாவது போடுங்கள், அணைக்கும்போது பிரிண்டரின் பட்டனில் அணைத்து ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிக்கொண்ட பிறகே சுவர் சுவிட்சைத் தொடுங்கள். நம் ஊர் வெயிலில் மூடாத ஹெட் காய்ந்து அடைக்க அதிக நாள் ஆகாது.