ஆற்றைப் பார்த்த கடைக்குக் கூடுதல் வாடகை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நகரத்து ஆற்றங்கரையில் நடைபாதை அமைத்து, அதை ஒட்டி வணிக வளாகம் கட்டியிருக்கிறார்கள். அதில் துணிக்கடை வைக்க ஆசை. தெருப் பக்கக் கடையைவிட ஆற்றுப் பக்கக் கடைக்கு ஒன்றரை மடங்கு வாடகை. "ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டத்தைப் பாருங்கள், வாசலுக்கு முன்னால் உள்ள இடமும் உங்களுக்குத்தான்" என்கிறார் தரகர். எடுக்கலாமா?

பதில்: துணிக்கடைக்கு வேண்டாம். தெருப் பக்கக் கடையை எடுங்கள். இரண்டு பக்கமும் வாசல் உள்ள கடை கிடைத்தால் இன்னும் நல்லது.

கடைத்தெருவில் எதிர்வரிசைக் கடைக்கு வந்தவர்களும் சாலையைக் கடந்து உங்களிடம் வருவார்கள். ஆற்றங்கரையில் எதிரே தண்ணீர்தான் இருக்கிறது, மீன் வந்து சேலை எடுக்கப்போவதில்லை. பாதி வாடிக்கையாளர்கள் தொடக்கத்திலேயே போய்விட்டார்கள். மீதிப் பேரும் ஆற்றைப் பார்க்க வந்தவர்கள், அதாவது உங்கள் கடைக்கு முதுகைக் காட்டி நிற்பவர்கள். உட்கார்ந்து சாப்பிடும் கடைக்கு இந்தக் கூட்டம் பயன்படும், துணிக்குப் பயன்படாது. போதாக்குறைக்கு, மேற்குப் பார்த்த முகப்பாக இருந்தால் மாலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணாடிக்குள் அடிக்கும். காட்சிக்கு வைத்த துணி வெளுக்கும்.

தரகர் ஞாயிறு மாலையைக் காட்டுவார். நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போங்கள், மழை தூறும் ஒரு நாளிலும் போங்கள். நடப்பவர்களை எண்ண வேண்டாம், கையில் பை வைத்திருப்பவர்களை எண்ணுங்கள். விளம்பரப் படத்தில் வளர்ந்து நிற்கும் மரங்களும் குடும்பம் குடும்பமாக நடப்பவர்களும் கணினியில் ஒட்டியவை. அந்தப் படத்தை நம்பி முன்பணம் கட்டியவர்களை நிறையவே பார்த்துவிட்டேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தரகர்கள் காட்டுவதும் அதைத்தான். அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரத்தில் ‘ரிவர் வாக்’ என்ற ஆற்றங்கரைக் கடைவீதி நன்றாக ஓடுகிறதே என்பார்கள். ஓடுகிறது, உண்மைதான். ஆனால் அங்கே ஆறு குறுகலானது, எதிர்க்கரையில் இருப்பவர் முகம் தெரியும். இரு கரையிலும் நடைபாதை, இரு கரையிலும் கடைகள், நடுவில் அடிக்கடி பாலங்கள். ஆறு இருந்தும் அது ஒரு கடைத்தெருவாகவே வேலை செய்கிறது. 1921இல் வந்த பெரு வெள்ளத்துக்குப் பிறகு வெள்ளத்தை வேறு வழியில் திருப்பிவிட்டு, மதகுகளால் கடைகள் உள்ள ஆற்று வளைவின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அதனால்தான் அங்கே தண்ணீரின் ஓரத்திலேயே மேசை போட முடிகிறது. உங்கள் ஆற்றின் எதிர்க்கரையில் நிற்பவரின் முகம் தெரிகிறதா? நாலு நிமிட நடையில் ஒரு பாலம் வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நான் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். அகலமான ஆறாக இருந்தாலும், பாலம் இறங்கும் இடத்தை ஒட்டிய ஓரிரு கடைகளுக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தும். பாலத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளிய கடையை "பாலத்துக்குப் பக்கம்" என்று விற்பார்கள், அதற்குப் பொருந்தாது.

இனி, "முன்னால் உள்ள இடமும் உங்களுக்குத்தான்" என்ற பேச்சு. அந்த இடம் யாருடையது என்று தரகரைக் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பல ஊர்களில் ஆறு ஒரு துறையிடம், கரைச்சுவர் இன்னொரு துறையிடம், நடைபாதை மாநகராட்சியிடம் இருக்கும். ஒருவர் கொடுத்த அனுமதியை மற்றவர் மதிக்கமாட்டார், மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க எந்த அதிகாரிக்கும் நேரம் இருக்காது. அலைவது மட்டும் கடைக்காரர். சில இடங்களில் பொதுவழி மாதிரித் தெரிவதே தனியார் நிலமாக இருக்கும். லண்டனில் டவர் பாலத்தருகே தென்கரையில் அப்படி ஒரு பகுதி உண்டு. மக்கள் தாராளமாக நடக்கலாம், விதி போடுவது நில உரிமையாளர். ஒப்பந்தத்தில் அளவோடும் வரைபடத்தோடும் எழுதாத இடம் உங்களுடையது அல்ல. எழுதியிருந்தாலும் அது குத்தகையா, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய உரிமமா என்று வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். பராமரிப்புக் கட்டணத்தில் நடைபாதை விளக்கும் துப்புரவும் உங்கள் தலையில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில், ஹாஃபன்சிட்டி என்ற பழைய துறைமுகப் பகுதியில், கட்டடங்களை உயர்த்திய மேட்டில் கட்டிவிட்டு, கரை நடைபாதையைத் தாழ்வாகவே விட்டார்கள். தண்ணீர் நடைபாதையில் ஏறட்டும் என்பதுதான் அங்கே திட்டம். பாரிஸில் 2018 ஜனவரியில் சேன் நதியின் கரைப்பாதைகள் மூழ்கின. ஆக, நடைபாதை மூழ்குவதை வைத்து மட்டும் திட்டம் தவறு என்று சொல்ல முடியாது. உங்கள் கடையின் தரை அதே மட்டத்தில் இருந்தால்தான் வம்பு. தரைமட்டம், இதுவரை வந்த அதிகபட்ச வெள்ளமட்டம் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மின்பலகை எந்த உயரத்தில் இருக்கிறது, நடைபாதை மூடிய நாட்களுக்கு வாடகை உண்டா, சரக்கு வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் அட்வான்ஸ் போடுங்கள், இன்னொருவர் காத்திருக்கிறார்" என்றால், அந்த இன்னொருவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டுத் தெருப் பக்கக் கடையை எடுங்கள்.