வாங்கும் முன் கேளுங்கள்: எடுப்பும் இழுவையும்

கேள்வி: என்னுடையது 150 சீசீ, 14 குதிரைவலு. நண்பனுடையது 125 சீசீ. வயல் வீதியில் நின்று வெளிக்கிட்டால் முதல் நூறு மீற்றரில் அவன்தான் முன்னுக்கு. பிறகுதான் பிடிக்கிறேன். கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா? (பரந்தன்)

பதில்: பொய் சொல்லவில்லை, தம்பி. பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். எனக்கு நெடுநாளாகக் கோபம் தரும் விசயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைகளில் ஒட்டியிருக்கும் குதிரைவலு, எஞ்சின் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுப்போல சுற்றும்போது கிடைக்கும் உச்சம். நீங்கள் கிளச்சை விடும்போது எஞ்சின் அங்கே இல்லை, மூவாயிரம் பக்கம் நிற்கிறது. அந்தச் சுற்றில் 12 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், தரும் எஞ்சினிடம் ஏறத்தாழ 5 குதிரைவலு இருக்கும். 8 நியூட்டன் மீற்றர்தான் தரும் என்றால் 3.4. இரண்டுக்கும் அட்டையில் 14 என்றே எழுதலாம். சில்லை உருட்டி எடுப்பது கீழ்ச்சுற்று இழுவைதான். அதோடு முதல் கியரின் விகிதமும் பைக்கின் பாரமும் சேரும்.

நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸ் நடத்துபவர்களுக்கு இது பழைய பாடம். கால் மைல், அதாவது 402 மீற்றர் ஓட்டத்தில் முதல் 60 அடியை, 18 மீற்றர் சொச்சத்தை, தனியாக நேரம் எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே கால் செக்கன் பிந்தினால் அது முடிவுக்கோடு வரை கூடவே வரும், பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் கூடும். முடிவுக்கோட்டில் பதிவாகும் வேகம் எஞ்சினின் வலுவைக் காட்டும், ஓடிய நேரம் எடுப்பை, அதாவது நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிப்பதைக் காட்டும். அதனால்தான் கடைசியில் வேகமாக வந்தவர் தோற்பதும் உண்டு. உங்களுக்கு நடந்தது அதுவே. கீழே இழுவை இல்லாத எஞ்சினைச் சுற்றை ஏற்றி, கிளச்சை அரைவாசியில் பிடித்துத்தான் எடுக்கவேண்டும். கூடினால் பின்சில்லு சுழலும் அல்லது முன்சில்லு தூக்கும், குறைந்தால் எஞ்சின் அமுங்கும்.

நானும் 2014 இல் குதிரைவலுவை மட்டும் பார்த்து வவுனியாவில் ஒரு பைக் வாங்கினேன். பின்னால் ஒரு மூட்டை நெல்லோடு ஒட்டுசுட்டான் உள்வீதிக் கிரவலில் போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் முதல் கியருக்கு இறங்கவேண்டி வந்தது. ஒன்றரை வருடத்தில் கிளச் பிளேட் இரண்டு தரம் மாற்றி, கடைசியில் நட்டத்துக்கு விற்றேன். அந்தப் பைக்கின் விபரத்தாளில் முறுக்குவிசை எத்தனை சுற்றில் என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. கடையில் ஒருவரும் அதைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: உச்ச முறுக்குவிசை எவ்வளவு, எத்தனை சுற்றில்? 5,000 அளவில் வருவது, 8,500 இல் வருவதைவிட எங்கள் பாதைக்கும் பாரத்துக்கும் உதவும்.

அப்புறம், போட்டியை விடுங்கள். இருட்டினால் வீதியில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும்.

கேள்வி: வேகம் கூடும் என்று கராஜில் முன் ஸ்ப்ரொக்கட்டை (சங்கிலி ஓடும் பற்சில்லு) 14 பல்லிலிருந்து 15 ஆக்கி 6,500 ரூபா வாங்கினார்கள். இப்போது மீன்பெட்டியோடு நின்ற இடத்திலிருந்து எடுக்கவே கஷ்டமாக இருக்கிறது. (முல்லைத்தீவு)

பதில்: உங்களில் பிழை இல்லை, ஐயா. பாரம் ஏற்றுபவருக்கு இதைச் செய்ததே தவறு. பின்னால் 42 பல் என்றால் முன்பு விகிதம் 3, இப்போது 2.8. பின்சில்லில் இழுவை ஏழு வீதம் போய்விட்டது. பழைய ஸ்ப்ரொக்கட்டைக் கேட்டு வாங்கி அதையே திரும்பப் போடச் சொல்லுங்கள். இன்னும் இழுவை வேண்டுமென்றால் பின்னால் 45 பல், ஏழு வீதம் கூடும், உச்ச வேகம் அதேயளவு குறையும். பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேளுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடுங்கள். நாளைக் கடத்தவேண்டாம்.

கேள்வி: பின்னுக்கு அகல ரயர் போட்டால் எடுப்புக் கூடுமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: கூடாது. சின்ன எஞ்சினுக்குப் பாரம்தான் கூடும்.

கேள்வி: படம் பார்த்து ஒரு பழைய பைக்குக்கு 80,000 ரூபா முற்பணம் வங்கியில் போட்டேன். லீசிங் முடிந்தது என்றார் விற்பவர். இப்போது தொலைபேசி எடுக்கிறாரில்லை. (வவுனியா)

பதில்: சீ.ஆர். புத்தகத்தை, அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பார்க்காமல், ஓட்டியும் பார்க்காமல் பணம் போடவேண்டாம் என்று இந்தப் பகுதியில் எத்தனை தரம் எழுதிவிட்டேன்! சரி, இப்போது வங்கிச் சீட்டையும் குறுஞ்செய்திகளையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே பொலிசுக்குப் போங்கள். உங்களிடம் பணம் வாங்கியவர் செய்தது மோசடி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த முறை புத்தகத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒருவரைப் பின்னால் ஏற்றி, இரண்டாவது கியரில் மெதுவாக உருட்டி, ஒரேயடியாக முறுக்குங்கள். சுற்று ஏறியும் பைக் வேகம் பிடிக்காவிட்டால் கிளச் பிளேட் தேய்ந்துவிட்டது.

கேள்வி: அண்ணா, மின்சார ஸ்கூட்டர் எடுப்பில் பெற்றோல் ஸ்கூட்டரை முந்துகிறது. பள்ளிக்கூடம் போய்வர வாங்கலாமா? (கிளிநொச்சி, ஆசிரியை)

பதில்: எடுப்பு நன்றாக இருப்பது உண்மைதான். மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தரும், சுற்று ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் எடுப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தங்கச்சி. இருவர் ஏறினால் ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீற்றர், பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம், உங்கள் பெயரில் பதிவு செய்து தருவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் மட்டும் சொல்லும் கடையில் வாங்கவேண்டாம்.