கேள்வி பதில்: குதிரை பூட்டி உழலாமா?

சென்ற இதழில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த, ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஓட்டும் குதிரை ஏர்களைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக மடிநோய், குடற்புழு, சினை பிடிக்கவில்லை என்றுதான் கடிதம் வரும். இந்த முறை கட்டு முழுக்கக் குதிரை. சரி, இந்த இதழ் குதிரைக்கே.

எனக்கு நாலு ஏக்கர் தோட்டம். டிராக்டர் வாடகை கட்டுபடியாகவில்லை. ஆடியில் அந்தியூர் சந்தையில் ஒரு ஜோடி குதிரை வாங்கி உழவுக்குப் பழக்கலாமா ஐயா?
*வாசகர், கோபிசெட்டிபாளையம்*

வாங்கலாம். உழவுக்கு அவை சரிப்படாது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு வருகிற குதிரைகளில் கத்தியவாரி, மார்வாரி, அவற்றின் கலப்பு என்று சவாரி ஜாதிகள்தான் அதிகம். உடம்பு எடை 350, மிஞ்சினால் 400 கிலோ. கால் நீளம், மார்பு ஒடுக்கம். ஓடப் பிறந்தவை. ஓஹையோவில் ஏர் இழுப்பது பெல்ஜியன், பெர்ஷெரான் என்ற கனத்த ஜாதிகள். பெர்ஷெரான் பிரான்சிலிருந்து போனது. ஒவ்வொன்றும் 800 முதல் 1,000 கிலோ. பின்னால் போய் நின்றால் அகலம் ஒரு பீரோ அளவுக்கு இருக்கும்.

எடையை ஏன் சொல்கிறேன் என்றால், இழுவை கணக்கே எடையில்தான் இருக்கிறது. மாடோ குதிரையோ, நாள் முழுக்கச் சளைக்காமல் இழுக்கக்கூடியது தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 800 கிலோ பெல்ஜியன் 80 கிலோ இழுவையை மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். நம் காங்கேயம் காளை ஒன்று 400 கிலோ என்று வைத்தால், ஒரு ஜோடி சேர்ந்து அதே 80 கிலோ. வேகம்தான் கொஞ்சம் குறைவு. ஆக அங்கே ஒற்றைக் குதிரை செய்வதை இங்கே ஒரு ஜோடிக் காளை செய்துவிடும். அந்தியூர்க் குதிரை ஒன்றுக்கு 35 கிலோ இழுவை தேறும், அதுவும் அது ஒத்துக்கொண்டால்.

அப்புறம் தீனி. மாட்டுக்கு நாலு அறை வயிறு. அறுவடை முடிந்த வைக்கோலையும் சோளத்தட்டையும் போட்டால் அசைபோட்டுச் சத்தாக்கிக்கொள்ளும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் உடம்புக்குச் சின்னது. நார்த்தீனி செரிப்பதெல்லாம் பின்குடலில். வெறும் வைக்கோலைப் போட்டுப் பாருங்கள், குடலில் அடைத்துக்கொண்டு வயிற்றுவலியில் தரையில் புரளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. நல்ல உலர்புல் வேண்டும், வேலை நாளில் மேலே ஓட்ஸ். நம் பக்கமாக இருந்தால் கொள்ளு. கனத்த குதிரைக்கு நாளைக்குப் பதினாறு, பதினெட்டு கிலோ உலர்புல் ஆகும். ஜோடிக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு டன்னுக்கு மேல். உங்கள் நாலு ஏக்கரில் குதிரைக்குப் புல் வளர்த்தது போக உங்களுக்கு என்ன மிஞ்சும்?

டிராக்டர் வாடகைதான் பிரச்சினை என்றால் அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஜோடி காங்கேயம் வைத்துக்கொள்ளுங்கள். பழக்க ஆள் இருக்கிறார், கலப்பை செய்யத் தச்சர் இன்னும் இருக்கிறார், லாடம் அடிக்கவும் ஆள் கிடைக்கும்.

காளைக்கு நுகத்தடி வைப்பதுபோல் குதிரைக்கு வைத்தால் என்ன? ஏன் அவ்வளவு தோல்வார்?
*கல்லூரி மாணவி, தேனி*

நல்ல கேள்வி அம்மா. காளையின் திமிலைப் பாருங்கள். நுகத்தடி அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது, காளை முன்னே நடந்தால் திமில் தடியைத் தள்ளுகிறது. ஒரு மரத்தடி, இரண்டு பூட்டாங்கயிறு, வேலை முடிந்தது. குதிரைக்குத் திமில் இல்லை. பிடரியில் தடி வைத்தால் நழுவும். கழுத்தில் பட்டை கட்டி இழுக்கவிட்டால் மேலேறிக் குரல்வளையை அழுத்தும். குதிரையின் பலம் இருப்பது தோளில். அந்தத் தோளில் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கத்தான் காலர் வந்தது. சீனாவில் முதலில் வந்து, ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த பொருள். அது வந்த பிறகுதான் அங்கே உழவில் மாட்டின் இடத்தைக் குதிரை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது.

ஓஹையோவின் ஹோம்ஸ் மாவட்டத்தில் ஒரு ஆமிஷ் பெரியவர் குதிரை பூட்டுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். காலர் என்பது முட்டை வடிவத் தோல் வளையம், உள்ளே இறுக்கமாக வைக்கோல் திணித்தது. முதலில் குதிரையின் தோளை உள்ளங்கையால் தடவினார். ஒரு துரும்பு, காய்ந்த வியர்வை உப்பு இருந்தாலும் அது நாள் முழுக்க உரசிப் புண்ணாக்கிவிடும். காலரை மாட்டி மேல் வாரைப் போட்டார். அடியில், குரல்வளைக்கும் காலருக்கும் நடுவே கையைத் தட்டையாக நுழைத்துப் பார்த்தார். கை தாராளமாகப் போனால் காலர் பெரிது, தோளில் ஆடி ஆடித் தோலை உரிக்கும். கையே போகாவிட்டால் மூச்சு அடைக்கும். அதன்பின் காலரின் பள்ளத்தில் இரண்டு இரும்புக் கொம்புகளைப் பொருத்தி இறுக்கினார். இழுவைச் சங்கிலி அந்தக் கொம்பிலிருந்துதான் பின்னால் கலப்பைக்குப் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், வேலைக் காலம் ஏற ஏறக் குதிரை இளைக்கும். மாதம் முன்பு சரியாக இருந்த காலர் இப்போது தொளதொளக்கும். உள்ளே மெத்தை வைத்துச் சரிக்கட்டுவார்கள். ஒருத்தர் காலரை இன்னொருத்தருக்குப் போடவே மாட்டார்கள், நம் வீட்டில் செருப்பு மாதிரி. உழும்போது சால் கடைசியில் திரும்பிய பிறகு குதிரையை நிறுத்தி, காலரை முன்னால் தூக்கித் தோளுக்குக் காற்றுக் காட்டினார். கால்நடை மருத்துவனாக முப்பது வருடத்துக்கு மேல் கழுத்துப் புண்ணுக்கு மருந்து தடவியவன் நான். நுகத்தடியைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் நம் ஊரில் இருந்திருந்தால் பாதி மருந்து மிச்சமாகியிருக்கும் என்று தோன்றியது.

ஒரு நாளில் எத்தனை ஏக்கர் உழுவார்கள்?
*வாசகர், திருவண்ணாமலை*

கலப்பையைப் பொறுத்தது. பின்னால் நடந்து ஓட்டுகிற ஒற்றைக் கொழு, மண்புரட்டும் இரும்புக் கலப்பை, இரண்டு குதிரை என்றால் ஒன்று, ஒன்றரை ஏக்கர். சால் அகலம் ஓர் அடி. அப்படியென்றால் ஒரு ஏக்கரை உழுது முடிக்க 43,560 அடி நடக்க வேண்டும், பதிமூன்று கிலோமீட்டர். ஆகவே இப்போது பெரும்பாலோர் உட்கார்ந்து ஓட்டும் சக்கரக் கலப்பைக்குப் போய்விட்டார்கள். இரண்டு கொழுவும் நாலைந்து குதிரையும் இருந்தால் நாளைக்கு நாலு ஏக்கர் வரை போகும்.

ஒரு நுணுக்கம். வலது ஓரக் குதிரை முந்தைய சாலுக்குள் இறங்கி நடக்கும், மற்றவை உழாத நிலத்தில் மேலே நடக்கும். சாலுக்குள் நடக்கிற குதிரை கோணாமல் போனால் உழவும் கோணாது. அதனால் அந்த இடத்துக்கு வயதான, நிதானமான குதிரையைத்தான் போடுவார்கள். குட்டியைப் பழக்குவதும் அதன் பக்கத்தில் கட்டித்தான். இரண்டு வயதுக்கு மேல் லேசான வேலை, நாலைந்து வயதில் முழு வேலை.

ஆமிஷ் மக்கள் எஞ்சினையே தொடமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?
*வாசகர், திருநெல்வேலி*

இல்லை. அவர்கள் போட்டுக்கொண்ட கோடு வேறு இடத்தில் இருக்கிறது. பல ஊர்களில் புல்கட்டும் இயந்திரத்தின் மேல் பெட்ரோல் எஞ்சினே உட்கார்ந்திருக்கும். கட்டுக் கட்டுவது எஞ்சின், இழுத்துப் போவது குதிரை. டீசல் எஞ்சினில் பால் குளிரூட்டுவார்கள். வயலில் தானாக ஓடுகிற வண்டிதான் கூடாது. சக்கரத்துக்கு ரப்பர் டயரும் பெரும்பாலும் கிடையாது, இரும்புச் சக்கரம்தான். டயர் வந்தால் டிராக்டர் ரோட்டில் ஓடும், ரோட்டில் ஓடினால் பக்கத்து வீட்டுக்காரன் உதவி தேவைப்படாது, நிலம் பெருக்கும் ஆசை வரும் என்று அவர்கள் கணக்கு. ஒவ்வொரு சபைக்கும் விதி கொஞ்சம் மாறும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் வயலில் குதிரையைவிடக் கோவேறு கழுதைதான் அதிகம், வெயில் தாங்கும் என்பதால்.

பழைய சாமானை வைத்து ஓட்டுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஓஹையோவில் டால்டன் என்ற ஊரில் பயனியர் என்கிற பட்டறையில் குதிரைக் கலப்பையைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். குதிரை இழுக்கும் புதுக் கருவிகளை வயலிலேயே ஓட்டிக் காட்டும் கண்காட்சி ஒன்று 1994 முதல் நடக்கிறது. கனத்த குதிரை, தீனி நிலம், காலர் தைப்பவர், பட்டறை, லாடக்காரர் எல்லாம் பத்து மைலுக்குள் இருக்கிறது. அதனால்தான் ஐம்பது அறுபது ஏக்கர் பால்பண்ணை அங்கே குதிரையை நம்பி ஓடுகிறது. குதிரையை மட்டும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தால் இதெல்லாம் கூட வராது.

நம் டெல்டாவில் சேற்றில் குதிரை இறங்குமா?
*வாசகர், மன்னார்குடி*

இறங்கும் என்றால் நம்புவீர்களா? ஜப்பானில் நெல் வயலைக் குதிரை வைத்தே ஆழ உழுதார்கள். ஃபுகுவோகா பகுதியின் முறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து உழவு ஆசிரியர்கள் மற்ற மாகாணங்களுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்துப் பரப்பினார்கள். ஆனால் அது அந்த ஊர் சின்னக் குதிரை. ஒரு டன் பெல்ஜியனைக் காவிரிச் சேற்றில் இறக்கினால் தூக்க கிரேன் வேண்டும். ஓயாத ஈரத்தில் குளம்பின் அடி மெத்தை அழுகும் தொல்லையும் உண்டு. எருமை இருக்கும் ஊரில் இந்த யோசனையே எதற்கு?

டிராக்டர் மண்ணை இறுக்கிவிடும், குதிரை இறுக்காது என்று இயற்கை விவசாய நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானா?
*வாசகர், கோவை*

பாதி சரி. ஒரு டன் குதிரை நாலு குளம்பில் நிற்கிறது. குளம்புக்கு அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் பாரம் டிராக்டர் டயருக்குக் குறைந்ததல்ல, நடக்கும்போது இன்னும் கூடும். வித்தியாசம் எங்கே என்றால், டயர் விடாமல் ஒரு கோடாக அமுக்கிக்கொண்டே போகும். குளம்பு அங்கொன்று இங்கொன்றாகப் பதியும். மொத்த எடையும் குறைவு என்பதால் ஆழத்தில் மண் அவ்வளவு இறுகாது. பிரான்சில் பர்கண்டியின் ரொமானே கோன்டி, போர்டோவின் போன்டே கானே போன்ற பேர்போன திராட்சைத் தோட்டங்கள் இதற்காகவே குதிரைக்குத் திரும்பின. அவர்கள் மது விற்கும் விலைக்குக் குதிரை கட்டுபடியாகும். தக்காளி விற்கிறவர் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

கோயில் திருவிழாவுக்காக ஒரு குதிரை வளர்க்கிறோம். நன்றாகத் தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது. விட்டுவிட்டுக் காய்ச்சல். அடிவயிறு வீங்குகிறது.
*வாசகர், புதுக்கோட்டை*

இதற்குத்தான் முதலில் பதில் போட்டிருக்க வேண்டும். நீங்கள் சொல்வது சர்ரா நோய் மாதிரி இருக்கிறது. மாட்டு ஈ கடித்துப் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி. 1880-ல் பஞ்சாப் பக்கம் ராணுவக் குதிரைகளிடம் கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்தது, இன்னும் நம்மோடு இருக்கிறது. கவனிக்காவிட்டால் பின்னங்கால் தள்ளாடி விழுந்துவிடும். டானிக் கொடுத்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். காய்ச்சல் இருக்கும்போதே கால்நடை மருத்துவமனையில் இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கிய நாளில் கிருமி இரத்தத்தில் தெரியாமல் போகலாம். ஊசி மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர்தான் போட வேண்டும். அதுவரை கொட்டகையில் மாலையில் புகை போடுங்கள், சாணக் குவியலை தள்ளி வையுங்கள். குதிரைக்கு ரணஜன்னி எளிதில் வரும், டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.