லிஸ்பனில் மூன்று நாள் – கடிதம்

வணக்கம் சார்,

மகன் ஜெர்மனியில் இருக்கிறான். வருகிற அக்டோபரில் அவனைப் பார்க்கப் போகிறோம். நடுவில் மூன்று நாள் லிஸ்பனுக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். நான் இணையத்தில் தேடி 19 இடங்கள் குறித்து வைத்திருக்கிறேன். பட்டியலைப் பார்த்துவிட்டு, “நீ போய்ட்டு வா, நான் ரூமிலேயே இருக்கேன்” என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு 61, அவருக்கு 66. மூட்டு இருவருக்கும் சுமார்தான். நீங்கள் அங்கே போய்வந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். எதை விடலாம்? என்ன செருப்பு போட்டுக்கொண்டு போவது?

க., திருநெல்வேலி

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நியாயம். 19-ல் பாதிக்குமேல் அடித்துவிடுங்கள். லிஸ்பனில் எனக்குப் பார்க்க இருந்தவை இரண்டே விஷயங்கள்: மிளகில் வந்த பணம், அப்புறம் 1755-ல் வந்த பூகம்பம். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிற வழியில் தானாகவே வந்துவிடும்.

மிளகுப் பணத்தைப் பார்க்க பெலேம் போகவேண்டும். ஆற்றோரத்தில் ஜெரோனிமோஸ் மடம். 1501-ல் கட்டத் தொடங்கினார்கள். கிழக்கிலிருந்து வந்த மிளகு, பட்டை வியாபாரத்தில் போட்ட வரிதான் செலவுக்கு. கல்லிலேயே கப்பல் கயிறு முறுக்கி, முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம் வாஸ்கோ ட காமா படுத்திருக்கிறார், கைகூப்பிய கல் உருவமாக. அவர் 1524-ல் இறந்தது கொச்சியில். முதலில் புதைத்ததும் அங்கே கோட்டைப் பக்கத்துப் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில்தான். கொச்சி போயிருந்தால் அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1539-ல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தது 1880-ல். மடம் திங்கட்கிழமை திறக்காது, மகனிடம் சொல்லிவையுங்கள்.

பெலேம் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தால் போதும், படி ஏறவேண்டாம். சுவரில் மழை அரித்த ஒரு காண்டாமிருகத் தலை இருக்கிறது, தேடிப் பாருங்கள். 1515-ல் குஜராத்திலிருந்து உயிரோடு ஒரு காண்டாமிருகம் கப்பலில் வந்து இறங்கியது. ராஜா அதை யானையோடு மோதவிட்டார். யானை ஓடிப்போய்விட்டது.

அங்கேயே 1837-லிருந்து நடக்கிற கடையில் முட்டைக்கருப் பாலாடை வைத்துச் சுட்ட சின்ன அப்பம் கிடைக்கும். மேலே பட்டைத்தூள் தூவிச் சூடாகத் தின்னவேண்டும். முட்டை ஆகாது என்றால் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே ‘பிக்கா’ என்று கேட்டால் நாலு மடக்கில் முடிகிற கறுப்புக் காபி வரும்.

இனி பூகம்பம். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலை ஒன்பதரை தாண்டி. ஊரே பூசையில் இருந்தது. பலிபீடங்களில் எரிந்த மெழுகுவத்திகளே தீ பரவவும் காரணமாயின. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் மேல் அலை வந்தது. இன்று நீங்கள் நடக்கப்போகிற பைஷா பகுதி முழுக்க அதன்பின் நூல் பிடித்ததுபோல் கட்டியது. சுவருக்குள்ளே பெருக்கல் குறி வடிவில் மரச்சட்டம் வைத்திருக்கிறார்கள், அடுத்த முறை ஆடினாலும் விழாமல் இருக்க. மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் சிப்பாய்களை அணிவகுத்து மிதிக்கவிட்டுச் சோதித்தார்கள் என்பார்கள். மேட்டில் கார்மு மடம் கூரையில்லாமல் நிற்கிறது. வளைவுகள் மட்டும் மீன்முள் மாதிரி, மேலே வானம். இதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன்: ரோசியோ சதுக்கத்துக்குப் பின்னால் சாவோ டொமிங்கோஸ் தேவாலயம். கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களை ஊர்க்கூட்டம் கொன்ற 1506 படுகொலை தொடங்கியது இங்கேதான். பிறகு பூகம்பம். பிறகு 1959-ல் பெருந்தீ. கூரையைப் புதிதாகப் போட்டவர்கள் தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். தீயில் வெடித்து, தோல் உரிந்த மாதிரி நிற்கின்றன. கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பத்து நிமிடம் உட்காரலாம் என்று போனவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

28-ஆம் எண் டிராமில் காலையிலேயே ஏறுங்கள். பத்து மணிக்கு மேல் நம்மூர் டவுன் பஸ்தான், பர்ஸ் பத்திரம். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். உபசாரம் என்று நினைத்து ஓர் உணவகத்தில் மிச்சம் வைக்காமல் தின்றேன். எல்லாம் பில்லில் வந்தது. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், அது அங்கே வழக்கம்தான்.

போர்ட்டுகீஸ் தெரியாதே என்று கவலைப்படவேண்டாம். சாவி, அலமாரி, மேசை எல்லாம் அங்கிருந்து வந்தவை. தேசியக் கலை அருங்காட்சியகம் இருக்கும் தெருவின் பெயர் ‘ஜனேலாஷ் வெர்தெஷ்’, அதாவது பச்சை ஜன்னல்கள். தெருப்பலகையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். 1554-ல் தமிழ்ச் சொற்கள் முதன்முதலாக அச்சேறியதும் இதே லிஸ்பனில்தான், ரோமன் எழுத்தில், ஒரு மறைக்கல்விப் புத்தகத்தில்.

செருப்பு விஷயம். நடைபாதையெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல். நடந்து நடந்து வழவழவென்று ஆகிவிட்டது, தூறல் விழுந்தால் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். இறக்கத்தில் நான் ஒருமுறை உட்கார்ந்தே இறங்கினேன். ரப்பர் அடியுள்ள, பழகிய ஷூ போதும். புதிதாக வாங்கவேண்டாம்.