வாசகர் கேள்வி–பதில்: ஒளியும் ஹைட்ரஜனும்

கேள்வி: வெயிலால் நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க, டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பொடியை வடிநீரில் கலக்கி, மூடிய குடுவையில் நாள் முழுக்க வெயிலில் வைத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. ஏன்?

பதில்: பொடியைக் குறை சொல்ல வேண்டாம். அனடேஸ் என்னும் படிக வகையின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஏறக்குறைய 387 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே உள்ள புற ஊதா ஒளிதான் அதற்கு உறைக்கும். வெயிலில் அந்தப் பங்கு சுமார் 5 சதவீதம்தான். அதில் கிளம்பும் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான துளையும் பெரும்பாலும் நீரைத் தொடுமுன்பே ஒன்றுசேர்ந்து வெப்பமாகப் போய்விடும்.

எலக்ட்ரானைப் பிடித்துவைக்கப் பிளாட்டினமும், துளையைத் தீர்க்க மெத்தனாலும் சேருங்கள். 90 மி.லி. வடிநீர், 10 மி.லி. மெத்தனால், 50 மி.கி. பொடி. மி.லி.க்கு 1 மி.கி. பிளாட்டினம் உள்ள குளோரோபிளாட்டினிக் அமிலக் கரைசலில் அரை மி.லி. விட்டால் பொடியின் எடையில் 1 சதவீதம் ஆகிவிடும். விளக்கைப் போடுமுன் 30 நிமிடம் நைட்ரஜனைக் குமிழவிட்டுக் கரைந்த ஆக்சிஜனை விரட்டுங்கள்; இல்லாவிட்டால் எலக்ட்ரானை அதுவே பறித்துக்கொள்ளும். பிறகு கலக்கிக்கொண்டே 365 நானோமீட்டர் விளக்கைக் காட்டுங்கள்.

வெள்ளைப் பொடி சாம்பல் நிறமாக மாறினால் பிளாட்டினம் படிந்துவிட்டது. மாறவில்லையென்றால் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது, அல்லது ஒளி உள்ளே எட்டவில்லை. ரொம்பக் கறுத்தால் பிளாட்டினம் அதிகம். அது ஒளியை மறைத்துவிடும், விளைச்சல் குறையும். குளிர்நீர் உறையும் அவசியம். விளக்குச் சூட்டில் மெத்தனால் ஆவியாகி அழுத்தம் ஏறும், அளவீடு குழம்பும். மெத்தனால் நச்சு, தீப்பிடிக்கும். ஹைட்ரஜனோ காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தாலே எரியும். ஆகவே புகைபோக்கிக் கூண்டுக்குள், புற ஊதாக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

கேள்வி: அப்படி வரும் ஹைட்ரஜனை 'நீர்ப் பிளப்பு' என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. துளைகள் ஆக்சிஜனேற்றுவது மெத்தனாலைத்தான். ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம், கார்பன் டை ஆக்சைடு எனப் போகும். உண்மையான நீர்ப் பிளப்பில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 விகிதத்தில் வர வேண்டும். வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபின் வரைபடத்தில் ஆக்சிஜன் உச்சி தெரிந்தவுடன் குதிக்காதீர்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை ஓடவிட்டுச் சோதிக்கும்போது நைட்ரஜன் உச்சியும் கூடவே வந்து, ஆக்சிஜனைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு இருந்தால், ரப்பர் அடைப்பின் வழியாகக் காற்று நுழைகிறது. ஒளியில்லாமல் ஒன்று, பொடியில்லாமல் ஒன்று என இரண்டு ஒப்புச் சோதனைகள் செய்யாத முடிவை நம்பவே நம்பாதீர்கள்.

கேள்வி: ஒரு கிராம் பொடிக்கு மணிக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோமோல் ஹைட்ரஜன் என்கிறார்களே, எரிபொருளுக்குப் போதாதா?

பதில்: கிராமுக்கான எண் ஏமாற்றும். 5 மி.கி.யில் அளந்து 200-ஆல் பெருக்கியிருப்பார்கள். குடுவையில் பொடியைக் கூட்டினால் ஒளி பங்கிட்டுப்போய் அந்த விளைச்சல் வராது. வெயில் ஆற்றலில் எத்தனை சதவீதம் ஹைட்ரஜனாகிறது என்று கேளுங்கள். சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயிலில் 1 சதவீதம் என்றால் மணிக்கு 0.3 கிராம் கிடைக்கும். ஜப்பானில் அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தட்டுகளை 100 சதுர மீட்டரில் விரித்து, 2021-இல் வெளியான ஆய்வில் எட்டிய உச்சம் 0.76 சதவீதம். அங்கே மெத்தனால் இல்லை, வெறும் நீர். கலந்து வந்த வாயுவைப் பிறகு சவ்வு வைத்துப் பிரித்தார்கள்.