திருப்பி ஒட்டிய இலை

கேள்வி: எனக்கு 38 வயது. மகளுக்கு 9, மகனுக்கு 6. இலையுதிர் காலம் வந்துவிட்டால் வீட்டையே மாற்றிவிடுவேன். கதவுக்கு மேப்பிள் இலை வளையம், உப்பு மாவில் அணில்களும் காளான்களும், ஆப்பிள் ஜாம், மஞ்சள் பூசணி சூப் எல்லாம் என் கையால்தான். இந்த வருடம் பூசணி விழுதை 6 கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, கொதிநீரில் வைத்து எடுத்து, மூடிக்கு மேல் கட்டம் போட்ட துணி கட்டி, அலமாரியில் வரிசையாக அடுக்கினேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணவர் போட்டோ எடுத்துத் தருவதோடு சரி. மாமியார் ஆப்பிள் சீவித் தருகிறேன் என்று வந்தார். கை நடுங்கும், தோல் தடிமனாக வரும் என்பதால் வேண்டாம் என்றேன். குழந்தைகள் முதல் நாள் மட்டும் உட்கார்ந்தார்கள். மகள் ஓர் இலையைப் பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தாள். அவள் தூங்கியதும் அதை மட்டும் எடுத்துச் சரியாக ஒட்டினேன். மறுநாளிலிருந்து கூப்பிட்டால் "நீங்களே செய்யுங்கம்மா" என்கிறாள். இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குக் கைவேலையில் ஆர்வமே கிடையாதா? குடும்பத்துக்காக இவ்வளவு செய்தும் தனியாக நிற்கிறேன். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மனக்குறை அப்புறம். முதலில் எழுந்து போய் அந்த 6 பாட்டில்களையும் அலமாரியிலிருந்து இறக்குங்கள். பூசணி அமிலம் குறைந்த காய். காற்றுப் புகாத பாட்டிலுக்குள் அதன் விழுதை அடைத்து வெளியில் வைத்தால், பாட்டுலிசம் என்ற கடுமையான நோயைத் தரும் கிருமி உள்ளே வளர இடம் உண்டு. கொதிநீரில் வைத்து எடுத்தால் அதன் வித்துகள் சாவதில்லை. விழுது கெட்டியாக இருப்பதால் சூடு நடுப்பகுதிவரை ஒழுங்காகப் போய்ச் சேராது. அதனால்தான் மசித்த பூசணியை வீட்டில் பாட்டிலில் அடைக்கவே வேண்டாம் என்று அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. மணத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ அந்த நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது. நுனி நாக்கில் வைத்து ருசி பார்க்கும் வேலையும் கூடாது. திறக்காமல், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அடுத்த முறை விழுது மிஞ்சினால் ஆறவைத்து, டப்பாவில் மேலே கொஞ்சம் இடம் விட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அலமாரியில் அடுக்கின அழகு அதில் வராது. வராவிட்டால் போகட்டும்.

இப்போது அந்த இலைக்கு வருகிறேன்.

கடிதத்தில் அதற்கு இரண்டே இரண்டு வரி கொடுத்திருக்கிறீர்கள். பாட்டில் மூடியில் கட்டிய துணிக்கு என்ன டிசைன் என்பதுகூட எழுதியிருக்கிறீர்கள். இலையை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். "சரியாக ஒட்டினேன்" என்கிறீர்களே, எது சரி என்று யார் சொன்னது?

ஒரு மேப்பிள் இலையைக் கையில் எடுங்கள். மேல்பக்கம் வழவழப்பாக, நல்ல நிறமாக இருக்கும். பின்பக்கம் வெளிறியிருக்கும். ஆனால் நரம்புகள் புடைத்து நிற்பது பின்பக்கத்தில்தான். காம்பு சேருமிடத்திலிருந்து பெரும்பாலும் 5 பெரிய நரம்புகள், விரித்த கை மாதிரி புறப்பட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் கிளை பிரிந்து போகும். இலை மேல் தாளை வைத்துக் க்ரேயானால் தேய்த்து உருவம் எடுக்கும்போது பின்பக்கத்தைத்தான் மேலே வைப்போம். சாயம் தடவி அச்சு எடுத்தாலும் பின்பக்கத்தில்தான் தடவுவோம். 9 வயதுப் பெண் இதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை செய்திருக்கலாம். செய்யாமலே, இந்தப் பக்கம்தான் அழகு என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். இல்லை, கவனமே இல்லாமல் கைக்கு வந்தபடி ஒட்டியும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கேட்பதற்குப் பதில் அவள் தூங்கும்வரை காத்திருந்தீர்கள். எனக்கு உறுத்துவது அதுதான். அவள் கண் முன்னால் பிரித்தால் முகம் வாடும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தானே இருட்டில் செய்தீர்கள்? காலையில் பார்த்தால் கண்டுபிடிக்க மாட்டாள் என்றா நினைத்தீர்கள்? வளையத்தில் நூறு இலை இருந்தாலும் தான் ஒட்டியது எது என்று குழந்தைக்குத் தெரியும். கதவைத் திறக்கும்போதே பார்த்திருப்பாள். சண்டை போடவில்லை, அழவில்லை. "நீங்களே செய்யுங்கம்மா" என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டாள். இதைக் கைவேலையில் ஆர்வமில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

"இந்தக் காலத்துக் குழந்தைகள்" என்ற பேச்சை என்னிடம் கொண்டு வராதீர்கள். வீட்டுக்கு வீடு செல்போன் வருவதற்கு முன்பும் இதே வரியை எழுதிய அம்மாக்கள் உண்டு. அப்போது பழி டிவி மேல்.

நான் மட்டும் யோக்கியமா? என் மகன் 8 வயதில் உப்பு மாவில் ஒரு நாய் செய்தான். கால்கள் நாலும் நாலு உயரம், வால் தலையைவிடப் பெரியது. அவன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் நான் அந்த வாலைக் கிள்ளிச் சின்னதாக்கி, காலைச் சமன்செய்து, ஓவனில் வைத்து எடுத்துவிட்டேன். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று காரணம் வைத்திருந்தேன். சாயங்காலம் வந்தவன் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்டான். இப்போது அவனுக்கு 34 வயது. என் வீட்டுக்கு வந்தால் சமையலறை வாசலில் நின்று "என்ன இருக்கு?" என்று கேட்பான், உள்ளே வந்து ஒரு தட்டு எடுக்க மாட்டான். தன் வீட்டிலும் அப்படித்தானாம். மருமகள் என்னைத்தான் குறை சொல்கிறாள். நான் பதில் பேசுவதில்லை, பேச வாயில்லை.

குடும்பத்துக்காகச் செய்கிறேன் என்கிறீர்கள். குடும்பத்துக்குக் காட்டுவதற்காகச் செய்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் ஒருவர் மேடையில், மற்ற நாலு பேரும் கை தட்ட வேண்டிய கூட்டம். கை தட்டவில்லை என்று கோபம். ஒரு வீட்டில் இருப்பவர் எல்லோருக்கும், 6 வயதுப் பையன் உட்பட, வேலை செய்யும் கடமை உண்டு. அந்த வேலை கோணலாக வந்தாலும் அதை வாங்கிக்கொள்வது அம்மாவின் கடமை. என் கொள்கை இதுதான், இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நீங்கள் எல்லோருடைய வேலையையும் பிடுங்கிக்கொண்டு, தனியாக நிற்கிறேன் என்கிறீர்கள்.

மாமியார் விஷயத்துக்கு உங்களை நான் லேசில் விடுவதாக இல்லை. கை நடுங்குகிற வயதில் ஒருவர் தானாக வந்து வேலை கேட்கிறார். தோல் தடிமனாக வருமாம்! வந்தால் என்ன? கத்தி வேண்டாம், பீலரைக் கொடுங்கள், மேசை முன்னால் வசதியாக உட்கார வையுங்கள், பக்கத்தில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் ஒரு பாத்திரத்தில் இருக்கட்டும். சீவின துண்டைப் போட்டால் கறுக்காது. அவர் எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் அவசரமில்லை. ஜாமைக் கெட்டியாக்குகிற பெக்டின் தோலிலும் விதையைச் சுற்றிய நடுப்பகுதியிலும்தான் அதிகம். அவற்றை மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டி, ஆப்பிள் வேகும்போது கூடவே போட்டு, கடைசியில் பிழிந்து எடுத்துவிடலாம். பழத்தோடு போன தோல் வீணாகாது. அப்படியே வீணாய்ப் போனாலும் அவரிடம் வேண்டாம் என்று சொன்னது சரியாகிவிடாது. நாளைக்கே நீங்களாகப் போய், "ஆப்பிள் வாங்கியிருக்கேன், சீவித் தரீங்களா அத்தை?" என்று கேளுங்கள்.

உங்கள் கணவரின் கையிலிருந்து செல்போனை வாங்கி வைத்துவிட்டுப் பூசணியைக் கொடுங்கள். தோல் முரட்டுத் தோல், கத்தி வழுக்கும், பெரியவர் கைக்குத்தான் அந்த வேலை. இரண்டாகப் பிளந்து, விதையை வழித்து, வெட்டின பக்கம் தட்டில் கவிழ்த்து, 200 டிகிரியில் ஏறக்குறைய 45 நிமிடம். முள்கரண்டி சுலபமாக இறங்கினால் வெந்துவிட்டது. தோல் அப்புறம் கையோடு வரும். வதக்கின வெங்காயம், பூண்டு, தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு அரைத்தால் சூப். சூடாக அரைப்பதானால் மிக்ஸியில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, மூடியை இறுக்கி மூடவும் கூடாது. ஆவி மூடியைத் தூக்கி எறிந்து கையைச் சுட்டுவிடும். இதை மட்டும் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். உப்புக் குறைந்தால் குறையட்டும், சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம். வாசலில் நின்று எட்டிப் பார்க்கவும் தடை.

விதை, பையனுக்கு. அலசி, சக்கையை நீக்கி, துணியில் பரப்பிக் காயவைப்பது 6 வயதுக் கைக்கு ஏற்ற வேலை, சிந்துவான், சிந்தட்டும். எண்ணெயும் உப்பும் பிரட்டி 150 டிகிரியில் அரை மணி வறுக்கலாம், அந்த ஓவன் பக்கத்தில் மட்டும் நீங்கள். உப்பு மாவும் அவனுக்கே கொடுங்கள். 2 கப் மைதா, 1 கப் உப்பு, தண்ணீர் 1 கப்புக்குக் கொஞ்சம் குறைவாக ஆரம்பித்து மாவு கையில் ஒட்டாத பதம் வரும்வரை. 100 டிகிரிச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம், மெதுவாகக் காய வேண்டும். அணில் அணில் மாதிரி இருக்காது. உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். அத்தனை உப்பு அதற்கு ஆகாது.

இலை விவகாரம் முழுக்க மகளுடையது. ஆனால் அவளிடம் வேலையை நீட்டுவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "நீ தூங்கினப்புறம் நான் உன் இலையைத் திருப்பி ஒட்டினேன். கேட்காமல் செய்தது தப்பு" என்று சொல்லுங்கள். அப்பாவும் பாட்டியும் இருக்கும்போது சொல்லுங்கள், தனியாகக் கூப்பிட்டுக் காதோடு வேண்டாம். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒளிந்து செய்ததிலேயே போக வேண்டியது போய்விட்டது. சொல்லிவிட்டு, ஏன் அந்தப் பக்கம் ஒட்டினாய் என்று கேளுங்கள். "தெரியலை" என்று சொன்னால் துருவாதீர்கள். உடனே சிரித்துக்கொண்டு ஓடி வந்து உட்காருவாள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாரம் ஆகலாம், இந்த வருடம் முழுக்கவும் வராமல் போகலாம். அதுவரை வளையத்தில் கை வைக்காதீர்கள்.

பழைய இலையைப் பெயர்த்து மறுபடி திருப்பப் பார்க்காதீர்கள். காய்ந்த இலை, பசையோடு உரித்தால் நொறுங்கும். புதிது வேண்டும். தொடர்ந்து சில நாள் ராத்திரி குளிர்ந்து, பகலில் நல்ல வெயிலடித்தால் சிவப்பு நன்றாக ஏறியிருக்கும். இலையில் மஞ்சள் முன்பே இருப்பதுதான், பச்சை போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு பெரும்பாலும் இந்தப் பருவத்தில் இலைக்குள் புதிதாக உண்டாகிறது. அவளுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்திருந்தால் அவள் சொல்லட்டும். ஈரமில்லாத இலையாகப் பொறுக்கி, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் தட்டையாகக் காயும். முதல் சில நாள் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்தத் தாளை அவளே மாற்றுவாள். மறந்து போய் இலை கெட்டால், அதுவும் அவள் இலைதான்.

மரங்கள் மொட்டையாவதற்குள் போங்கள். எந்த மரத்தடி என்று அவள் சொல்லட்டும், பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் பின்னால் நடங்கள்.