பவுல் கடைய நல்ல கௌஜ் எப்படி பார்த்து வாங்கறது?

பெங்களூருல வீட்டுக்கு சின்ன லேத் வாங்கியிருக்கேன், மரக் கிண்ணம் (பவுல்) கடைய எந்த கௌஜ், அதாவது நடுவுல பள்ளம் ஓடுற கடைசல் உளி, நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஸ்டீலை பாருங்க, ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எம்2ன்னு போட்டிருந்தா தைரியமா எடுங்க, சாதா கார்பன் ஸ்டீல்னா கிரைண்டர்ல முனை நீலமாச்சுன்னாலே டெம்பர், அதாவது ஸ்டீலோட கடினம், போயிடும், ஹெச்எஸ்எஸ்ஸுக்கு அந்த பயம் ரொம்ப கம்மி.

உங்க ஊர் எஸ்பி ரோட்டு கடைங்கள்ல கையில எடுத்துப் பார்க்க முடிஞ்சா உள்பள்ளத்துல நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க, சொரசொரன்னு மெஷின் கோடு தட்டுப்பட்டா வேண்டாம், எவ்ளோ சாணை பிடிச்சாலும் அந்தக் கோடு வெட்டுற முனையில பல்லு பல்லா வந்து நிக்கும்.

சைஸ்ல குழப்பிக்காதீங்க. பவுல் கௌஜை இங்கிலாந்து கம்பெனிங்க பெரும்பாலும் பள்ளத்தோட அளவுல சொல்வாங்க, அமெரிக்காவுல உளிக் கம்பியோட விட்டம், அதனால இங்கிலாந்து 3/8 இஞ்ச்சும் அமெரிக்கா 1/2 இஞ்ச்சும் ஒண்ணுதான், ஆரம்பத்துக்கு அது ஒண்ணே போதும், செட்டு வேண்டவே வேண்டாம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன், செட்டுல வர்ற ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜை (நீளக் கட்டையை உருட்டையாக்குற உளி) பவுல் மேல வைக்கவே வைக்காதீங்க, கைப்பிடிக்குள்ள போற வால் ஒல்லியா இருக்கும், மரத்துல மாட்டுச்சுன்னா அங்கேயே ஒடிஞ்சு பறக்கும். பழகறதுக்கு சென்னபட்னா பொம்மைக்காரங்க கடையற ஆலெ மரம், அதான் நம்ம வெப்பாலை, கிடைச்சா எடுங்க, மெத்துனு வெட்டும்.